எண்ணூற்று அறுபதின் நிறம்

அக்டோபர் 30, திங்கள்

இட்லி மாவு பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழிந்து கிடந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஆறுச்சாமி அண்ணன் போன். அவருடைய ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைக் கம்ப்யூட்டர் சனிக்கிழமை புகைவிட்டுச் செத்துவிட்டதாம்.

“கோகிலவாணி, நீ எழுதிக் குடுத்த புரோகிராமு பதினோரு வருசம் ஓடுச்சு. இப்ப புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வெச்சிருக்கறேன். சும்மா போட்டு வுட்டா ஓடுமில்ல?”

சும்மாவாம். அவர் வாயில் எல்லா வேலையும் சும்மாதான்.

அங்கே இரும்புச் சாமான்களை உலையில் எண்ணூற்று அறுபது டிகிரி வரை காய்ச்சி, எண்ணெயில் முக்கிக் கடினமாக்குகிறார்கள். உலையின் சூடு நிமிடத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டரில் பதிவாகும். அதைக் கோடாக வரைந்து காட்டுவது என் புரோகிராம். உண்மையில் கோடு வரைகிற பகுதி என்னுடையதல்ல. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சார்ட் கன்ட்ரோலை வாங்கி உள்ளே பதித்திருந்தேன். அந்தக் கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிறது.

அவசரம் என்னவென்றால், விஜயதசமி அன்று காய்ச்சிய ஆயிரத்து நானூறு பின்களும் மெத்தென்று இருக்கின்றன என்று, சரக்குக் கொடுக்கிற ஓசூர்க் கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாம் தேதி தரம் பார்க்க அவர்கள் ஆள் ஆடிட்டுக்கு வருகிறார். அன்றைய கோட்டை, அவர்கள் ஒப்புக்கொண்ட அதே வடிவத்தில் அச்செடுத்துக் காட்ட வேண்டும். புது வடிவம் என்றால் மறுபடி அனுமதி வாங்கவே ஆறு மாதம் ஆகும்.

“யாருங்கண்ணா தப்பு பண்ணுனது?”

“சென்னியப்பன்தான், வேற யாரு? உலையத் தொறந்து வெச்சுட்டு நெறம் பத்தல, நெறம் பத்தலன்னு நின்னான். கோடு எண்ணூத்தறுவதுல நெட்டுக்கு நிக்குது. எண்ணெயில போடுய்யான்னு நாந்தான் சத்தம் போட்டேன். அவன் யோசிச்சு நின்ன நேரத்துல சரக்கு ஆறிப்போச்சு. ஆளுக்குக் கண்ணு போச்சு அம்மிணி.”

சென்னியப்பன் அண்ணன் பத்தொன்பது வருடமாக உலைக்கு முன்னால் நிற்பவர். பாவம். வயதானால் யாருக்கும் வருவதுதான்.

ஆயுத பூஜைக்கு நானும் போயிருந்தேன். உலையின் சூட்டை நடத்துகிற பேனல் முழுக்கச் செவ்வந்தி மாலை, உலைக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று. ஆறுச்சாமி அண்ணன் கட்டினார், நான் கயிறு பிடித்தேன். பொரியில் இந்தத் தடவை தேங்காய் தாராளம்.

அக்டோபர் 31, செவ்வாய்

‘கிளாஸ் நாட் ரிஜிஸ்டர்ட்.’

இந்த மூன்று வார்த்தையை இன்றைக்கு நாற்பது தடவை பார்த்துவிட்டேன். பழைய கன்ட்ரோல் 32 பிட் காலத்து ஆசாமி. புதுக் கம்ப்யூட்டர் 64 பிட். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “நம்மளாட்டத்தான் இருக்குது போல” என்றார். அவருக்கு இன்று காபி கிடையாது.

நவம்பர் 1, புதன்

ஓடவில்லை. ரசத்தில் உப்புப் போட மறந்தேன்.

நவம்பர் 2, வியாழன்

வெறுத்துப்போய், இலவசமாகக் கிடைக்கிற புது சார்ட் ஒன்றை எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் ஓடியது. என்ன அழகு, என்ன வேகம்! வடிவம் வேறாக இருந்தாலும் அவர்கள் காலில் விழுந்தாவது சம்மதிக்க வைக்கலாம் என்று நினைத்தேன்.

செத்துப்போன கம்ப்யூட்டரில் டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது; அதிலிருந்து விஜயதசமிப் பதிவைத் திறந்தேன். கோடு எட்டரைக்குக் கிளம்புகிறது, பத்து மணிக்கு எண்ணூற்று அறுபதைத் தொடுகிறது, பத்து இருபதுக்கு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் வெள்ளை. சரக்கை வெளியே எடுத்த ஒன்று முப்பத்தைந்து வரைக்கும் ஒன்றுமே இல்லை.

புது சார்ட் சரியில்லை. அழித்துவிட்டேன்.

கியாஸ்காரன் வந்தான். ரெகுலேட்டர் டியூப் மாற்றியாயிற்று.

நவம்பர் 3, வெள்ளி

ஓடிவிட்டது! முருகா, ஓடிவிட்டது!

முழுப் புரோகிராமையும் 32 பிட்டாகக் கட்டினேன். கன்ட்ரோலை அதற்கென்று உள்ள தனி இடத்தில் பதிவு செய்தேன். லைசென்ஸ் இல்லை என்று அது மறுபடி முரண்டு பிடித்தது. பழைய சிடியை பரண் மேல், கொலு பொம்மைப் பெட்டிக்குள் கண்டுபிடித்தேன். மதியம் மூன்றேகாலுக்கு அந்தப் பழைய மஞ்சள் பின்னணியும் சிவப்புக் கோடும் திரையில் வந்தபோது உட்கார்ந்து அழுதேன். இதற்கெல்லாம் அழுகிறவள் இல்லை நான்.

ஆப்ஷன்கள் எல்லாவற்றையும் பழையபடியே வைத்துவிட்டேன். எல்லாவற்றையும்.

விஜயதசமிக் கோடு பத்து இருபதிலிருந்து ஒன்று முப்பத்தைந்து வரை எண்ணூற்று அறுபதில் நெட்டுக்கு நிற்கிறது. மற்ற நாட்களில் இரண்டு மூன்று டிகிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு ஆடவேயில்லை. உலை நன்றாக ஓடியிருக்கிறது.

நவம்பர் 4, சனி

சென்னியப்பன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். பஸ்ஸில் வந்து, வழி கேட்டுக் கேட்டு, கையில் ஒரு சீப்பு பூவன் பழத்தோடு. உட்காருங்க என்றால் உட்காரவில்லை. மோர் கொடுத்த பிறகுதான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“உங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுங்க அம்மிணி. ஒரே ஒரு சந்தேகமுங்க.”

“சொல்லுங்கண்ணா.”

“எண்ணூத்தறுவதுன்னா, நல்லாக் கனிஞ்ச பப்பாளிய அறுத்தா உள்ள ஒரு நெறம் இருக்குமுங்களே, அதுதானுங்க. எனக்கு மீட்டர் வேண்டாமுங்க. கதவு ஒரு சாண் தெறந்தாப் போதும். அன்னைக்குத் தெறந்தா பீட்ரூட்டு வேக வெச்ச தண்ணியாட்டம் இருட்டா கெடந்துச்சுங்க. எழுநூறு கூட வராது. மொதலாளிகிட்டச் சொன்னேன். அவரு கம்ப்யூட்டரக் காட்டுனாருங்க. கோடு எண்ணூத்தறுவதுல நிக்குது.”

“பேனல்ல மீட்டர் பாக்கலீங்களா?”

“அது மேல மாலையில்லீங்களா? விசயதசமி அன்னைக்குப் பொழுது சாயற வரைக்கும் சாமி மாலைய எடுக்க மாட்டோமுங்க. பேனல்தான் மூடியிருக்குது, கம்ப்யூட்டர்லதான் தெரியுதேன்னு வுட்டுட்டோமுங்க.”

மோரைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தானாகவே சொன்னார். “சாயங்காலம் நாந்தானுங்க எல்லாத்தையும் அவுத்தேன். வாழைக்கன்னு உலைச் சூட்டுல வாடித் தொங்கிப்போய் ஒயரு மேல சாஞ்சு கெடந்துச்சு. சூடு பாக்கற ஒயரு சொருகு களண்டு கெடந்துச்சுங்க. அவுக்கறப்ப என்ற கைதான் பட்டிருக்கோணும். சொருகி வுட்டேன்.”

“எத்தனை மணிக்குங்கண்ணா?”

“அஞ்சு இருக்குமுங்க.”

உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினார். “கண்ணக் காட்டுனனுங்க. வலது கண்ணுல பொறை லேசா ஆரம்பிச்சிருக்குதாமா. இப்பத்திக்கு ஒண்ணும் வேண்டாம், ரெண்டு வருசம் போகட்டும்னாங்க. ஆனா மொதலாளி உனக்குக் கண்ணு போச்சுங்கறாரு. ஆடிட்டு முடிஞ்சா என்னைய நிறுத்திப்போடுவாருங்க. அதவுட, அம்மிணி, நானே என்ற கண்ண நம்பறதா வேண்டாமான்னு தெரியாம ஒரு வாரமாத் தூக்கமில்லீங்க. அந்தக் கோடு போட்டது நீங்கதான. அது பொய் சொல்லுமுங்களா?”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோடு பொய் சொல்லாதுங்கண்ணா” என்றேன்.

“அப்பச் சரிங்க” என்று எழுந்தார். ஏதோ பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தார். “கோளாறு என்ற கிட்டத்தானுங்க. எடுத்துப் போடறதுதான் சரி.”

எதை எடுத்துப் போடுவது என்று நான் கேட்கவில்லை. வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

பழம் இன்னும் மேசை மேல் அப்படியே இருக்கிறது. பதிவைத் திறந்து பார்த்தேன். உலைச் சூடு ஐந்து மணி நான்கு நிமிடத்துக்கு மறுபடி வருகிறது. நானூற்றுப் பத்து டிகிரி.

நவம்பர் 5, ஞாயிறு

சரி, எழுதிவிடுகிறேன். டைரியிடம் கூடப் பொய் சொன்னால் நான் எதற்கு லாயக்கு?

அந்த சார்ட் கன்ட்ரோலில் ஒரு ஆப்ஷன் உண்டு. அளவு வராத நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? மூன்று வழி: இடைவெளி விடு, பூஜ்யம் போடு, கடைசி அளவை நீட்டு. பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் இடைவெளிதான் வைத்திருந்தேன். ஒயர் கொஞ்சம் லூசானாலும் கோடு விட்டு விட்டு வரும். ஆறுச்சாமி அண்ணன் ஒரு நாள், “என்ன அம்மிணி, கோடு கறையான் அரிச்சாப்புல இருக்குது, கஸ்டமர் என்ன நெனைப்பான்?” என்றார். நான் ஒரு கிளிக்கில் மூன்றாவதுக்கு மாற்றினேன். கோடு முழுசாக வந்தது. என்னமா வேலை செய்யறே என்று எனக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். இப்போதும் அதை உடுத்துகிறேன்.

ஒயர் கழன்றால் பேனல் தானாகவே சூட்டை நிறுத்திவிடும். அது பாதுகாப்புக்கு. அன்று பத்து இருபதுக்கு வாடிய வாழைக்கன்று சாய்ந்து ஒயர் கழன்றது. உலை ஆறத் தொடங்கியது. மூன்றே கால் மணி நேரம் ஆறியது. பேனலில் சிவப்பு விளக்கு மாலைக்குப் பின்னால் மின்னிக்கொண்டிருந்திருக்கும். கம்ப்யூட்டரில் என் கோடு மட்டும் எண்ணூற்று அறுபதில் ராஜா மாதிரி நின்றது. அங்கே இருந்தவர்களில் உண்மையைப் பார்த்தது சென்னியப்பன் அண்ணனின் கண் மட்டும்தான்.

வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். புது சார்ட் வெள்ளையாக விட்ட இடத்தைப் பார்த்த நிமிடமே தெரியும்.

இதே புரோகிராமை இதே ஆப்ஷனோடு பதினான்கு பட்டறைக்குக் கொடுத்திருக்கிறேன். பிரேக் சாமான் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை கோடு, எத்தனை நாள், எத்தனை வண்டி? நான் வாயைத் திறந்தால் பதினான்கு பேரும் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள். இந்த ஊரில் அப்புறம் ஒரு கடையில்கூட எனக்கு வேலை கிடையாது.

நாளைக்குப் பட்டறைக்குப் போகிறேன். போய்ச் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் 6, திங்கள்

சொல்லவில்லை.

புதுக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றி ஓட்டிக் காட்டினேன். ஆறுச்சாமி அண்ணன் கோட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “என்ற கொலசாமி நீ” என்றார். ஆடிட்டுக்குக் கொடுக்கிற படிவத்தைக் காட்டினார். ‘மூல காரணம்: ஆப்பரேட்டரின் பார்வைக் குறைபாடு. நடவடிக்கை: ஆப்பரேட்டர் மாற்றப்படுவார். இணைப்பு: உலைச் சூட்டுக் கோடு.’ இணைப்பு என்னுடையது.

அண்ணா, ஒரு விஷயம் என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர், “முப்பத்தியொரு குடும்பம் அம்மிணி, இந்த ஆர்டரு போனாப் பூட்டு வாங்க வேண்டியதுதான்” என்றார். அப்புறம் நான் பிரிண்டரைப் பற்றித்தான் பேசினேன்.

சென்னியப்பன் அண்ணன் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாராம்.

நவம்பர் 7, செவ்வாய்

அச்சில் சிவப்புக் கோடு காவி நிறமாக வந்தது. சரிசெய்தேன்.

சென்னியப்பன் அண்ணனுக்கு நான்கு தடவை போன் போட்டேன். அணைத்து வைத்திருக்கிறார்.

நவம்பர் 8, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். தட்டில் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கேலி செய்வார் என்று பார்த்தேன். செய்யவில்லை.

“அந்த மனுசன் வந்து கேட்டப்பவே உனக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன்.

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். சோறு பாதி அப்படியே கிடந்தது. பதினேழு வருடத்தில் அவர் சோற்றை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

நவம்பர் 9, வியாழன்

காலை ஒன்பதரைக்குப் போனேன். ஆடிட்டர் ஓசூரிலிருந்து வந்திருந்தார். மெலிந்த மனிதர், டீ கூட வேண்டாம் என்றார். ஆறுச்சாமி அண்ணன் படிவத்தைக் கொடுத்தார். “கோகிலவாணி, அந்தக் கோட்ட ஒரு பிரிண்டு எடு கண்ணு.”

நான் ஆப்ஷனைத் திறந்தேன். மூன்றாவதிலிருந்து முதலாவதுக்கு மாற்றினேன். ஒரு கிளிக். அன்றைக்கும் ஒரு கிளிக்தான்.

அச்சு வந்தது. பத்து இருபதுக்குக் கோடு நிற்கிறது. மீதி வெறும் மஞ்சள் தாள். ஆடிட்டர் அதைக் கையில் வாங்கினார். ஆறுச்சாமி அண்ணன் எட்டிப் பார்த்தார். “என்ன அம்மிணி இது, பாதிதான் வந்திருக்குது? மறுக்கா எடு.”

“இதுதானுங்கண்ணா முழுசு. மீதிய இத்தனை வருசமா நான்தான் வரைஞ்சுட்டு இருந்தேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். ஆப்ஷன், ஒயர், வாழைக்கன்று, நான் பிடித்த கயிறு. சென்னியப்பன் நிறம் பத்தவில்லை என்று சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்றேன். ஆடிட்டர் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில், “லெவன் இயர்ஸ் சார்ட்டும் இதே மாதிரி ரீபிரிண்ட் வேணும். அதுவரைக்கும் சப்ளை ஹோல்டு” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

ஆறுச்சாமி அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “என்ற பட்டறைய மூடிப்போட்டியே தாயி” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

வெளியே வந்தேன். கேட் அருகில் ஸ்டூலில் சென்னியப்பன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி. கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டி எடுத்த தடம்.

“செவ்வாக்கெழமை கண்ணு ஆபரேசன் பண்ணிக்கிட்டனுங்க அம்மிணி. ரெண்டு வருசம் பொறுன்னுதான் சொன்னாங்க. நாந்தான் புடிவாதமாக் கேட்டு வாங்கினேன். நீங்க சொன்ன பொறவு எதுக்குங்க பொறுக்கோணும்? இனி மொதலாளி கண்ணு போச்சுன்னு சொல்ல முடியாதுல்லீங்க?” சிரித்தார்.

அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னேன். முதலிலிருந்து கடைசி வரை. சொல்லி முடித்த பிறகு கேட்டார்.

“அப்ப என்ற கண்ணு நல்லாத்தான் இருந்துச்சுங்களா?”

“நல்லா இருந்துச்சுங்கண்ணா.”

“சனிக்கெழமை நான் வந்தப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா?”

பொய் சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை. தலையாட்டினேன். கறுப்புக் கண்ணாடிக்குள் என்ன இருந்தது என்று தெரியவில்லை. மெல்ல எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே போனார்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். பலகாரம் எதுவும் செய்யவில்லை. மீதிப் பதின்மூன்று பட்டறைக்கும் வரிசையாகப் போன் போட்டேன். நல்ல நாள் அதுவுமா என்று இரண்டு பேர் துண்டித்துவிட்டார்கள். மறுபடி போட்டேன். ஐந்து பேர் இனி என் மூஞ்சியில் முழிக்க மாட்டோம் என்றார்கள். பிரேக் சாமான் காய்ச்சுகிற கதிரேசன் மட்டும், “நாளைக்கே வந்து எல்லாத்தையும் எடுத்துக் காட்டுங்க” என்றார்.

நவம்பர் 23, வியாழன்

பதினோரு வருடம், ஆறுச்சாமி அண்ணனுக்கு மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் கோடு. ஆறு பட்டறை முடிந்தது. பிரிண்டரில் இரண்டு முறை டோனர் மாற்றியாயிற்று. ஆறுச்சாமி அண்ணனுடையதில் விஜயதசமியைத் தவிர முப்பத்தெட்டு இடைவெளி. பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிடம். இரண்டு மட்டும் பெரியவை. அந்த இரண்டு நாளும் உலையில் யார் என்று பார்த்தேன். சென்னியப்பன். அந்த இரண்டு தடவையும் அவர் சரக்கை வெளியே எடுக்காமல் மறுபடி காய்ச்சியிருக்கிறார். பதிவேட்டில் அவர் கையெழுத்தில், ‘நெறம் பத்தலை’ என்று இருக்கிறது. அப்போது யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை போலிருக்கிறது.

அந்த இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து ஆடிட்டருக்கு அனுப்பினேன்.

டிசம்பர் 8, வெள்ளி

ஓசூர்க்காரர்கள் மறுபடி சரக்கு அனுப்பிவிட்டார்கள். படிவத்தில் மூல காரணம் மாறிவிட்டது. என் பெயர் இருக்கிறது. உலையில் சென்னியப்பன்தான் நிற்க வேண்டும் என்று ஆடிட்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு மாதம் அனலில் நிற்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இன்றோடு முடிந்தது. என்னை வரச் சொல்லி அவரே போன் பண்ணினார். நவம்பர் ஒன்பதுக்கு அப்புறம் இன்றுதான் அவர் குரலைக் கேட்டேன்.

முதல் சரக்கு. திரையில் கோடு எண்ணூற்று அறுபதுக்குப் போய் ஆட ஆரம்பித்தது. அறுபத்தொன்று, ஐம்பத்தொன்பது, அறுபது. உயிருள்ள கோடு. ஆறுச்சாமி அண்ணன் தள்ளி நின்றார். வாயே திறக்கவில்லை.

சென்னியப்பன் அண்ணன் கதவை ஒரு சாண் திறந்தார். அனல் முகத்தில் அடித்தது. பார்த்தார். இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார். அப்புறம் வலது கண்ணை மூடிப் பார்த்தார். மறுபடி இடது. மறுபடி வலது. கதவைச் சாத்தினார்.

“அம்மிணி, இங்க வாங்க.”

போனேன்.

“பழைய கண்ணுல பாத்தா பப்பாளியாட்டம் இருக்குதுங்க. புதுக் கண்ணுல வெளுத்துப்போய், ரோசாப் பூவாட்டம் இருக்குது. ரெண்டுலயும் சேத்துப் பாத்தா எனக்கு ஒண்ணுமே புரியலீங்க. ஆஸ்பத்திரில கேட்டேன். இனி அப்படித்தான் தெரியும், போகப் போகப் பழகிப்போகும்னாங்க. நீங்க படிச்சவங்க. இதுல எதுங்க எண்ணூத்தறுவது?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கோட்டைப் பாருங்கண்ணா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.